வீட்டு நெட்வொர்க்கில் எக்ஸ்டர்னல் டிரைவ்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஹாலில் இருக்கும் டெஸ்க்டாப்பில் 2 டிபி டிரைவை மாட்டி ஷேர் செய்து வைத்திருக்கிறேன். நேற்று வரை என் லேப்டாப்பில் திறந்தது. இன்று காலையில் இருந்து திறக்க மாட்டேன் என்கிறது. டெஸ்க்டாப்பில் மட்டும் நன்றாகத் திறக்கிறது. டிரைவ் போய்விட்டதா?

பதில்: டெஸ்க்டாப்பில் திறக்கிறது என்றால் டிரைவைப் பற்றிக் கவலை வேண்டாம், ஷேர்தான் அறுந்திருக்கிறது. விண்டோஸ் ஆன் ஆகும்போது எதையெல்லாம் ஷேர் செய்ய வேண்டும் என்று ஒரு தடவை பார்க்கும். அந்த நேரத்தில் டிரைவ் மாட்டாமல் இருந்தாலோ, மெதுவாக எழுந்தாலோ, அந்த ஷேரை விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் மாட்டினால் டிரைவ் வரும், ஷேர் வராது. விண்டோஸ் தன் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் 2511 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் இதுதான். சர்வீசஸ் பட்டியலில் ‘சர்வர்’ என்று இருப்பதை ரீஸ்டார்ட் செய்தால் ஷேர் திரும்பிவிடும்.

2511 இல்லையென்றால் டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம். நேற்று ‘இ’யாக இருந்தது, நடுவில் யாரோ பென் டிரைவ் செருகியதால் இன்று ‘எஃப்’ ஆகியிருக்கும். ஷேர் இன்னும் ‘இ’யைத்தான் தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஆர்’ மாதிரி கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டு, மறுபடி ஷேர் செய்யுங்கள். பென் டிரைவ்கள் அவ்வளவு தூரம் வராது.

கேள்வி: அண்ணா, அப்பா கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவைத் திறந்தால் யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கிறது. அப்பா தினமும் போடும் 4 இலக்க எண்ணைத்தான் போடுகிறேன். தவறு என்கிறது.

பதில்: அது பின் (PIN) நம்பர். அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைய மட்டும்தான் உதவும், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கு மின்னஞ்சலும் அதன் முழு பாஸ்வேர்டும் வேண்டும். அவருக்கு அது மறந்திருந்தால், அவர் கம்ப்யூட்டரில் ஷேருக்கென்றே ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி அந்தப் பெயருக்கு அனுமதி கொடுங்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். அப்பாவின் மெயில் பாஸ்வேர்டு வீட்டில் எல்லார் லேப்டாப்பிலும் பதிந்து கிடக்க வேண்டியதில்லை. முன்பு பதிந்த தவறான பாஸ்வேர்டு கிரெடென்ஷியல் மேனேஜரில் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: படங்களைத் திறக்க முடிகிறது, புதிதாக எதையும் போட முடியவில்லை.

பதில்: அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாக ஷேர் செய்தால் ‘எவ்ரிஒன்’ பெயருக்குப் படிக்கும் உரிமை மட்டுமே முதலில் கிடைக்கும். அங்கே உங்கள் யூசருக்கு ‘சேஞ்ச்’ கொடுங்கள். டிரைவ் என்டிஎஃப்எஸ் (டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஒரு முறை) என்றால் செக்யூரிட்டி டேபிலும் எழுதும் உரிமை வேண்டும்; இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் இருக்கும் டிரைவில் அந்த டேபே இருக்காது. எல்லாருக்கும் முழு உரிமை கொடுத்துவிடாதீர்கள். ஒரு லேப்டாப்பில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால், அந்த லேப்டாப்பால் எழுத முடிகிற ஷேர் எல்லாம் சேர்ந்து பூட்டப்படும். கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் படிக்கும் உரிமை போதும்.

கேள்வி: பழைய மீடியா பிளேயரில் டிரைவ் தெரியவில்லை. விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய ஷேரிங் முறையை ஆன் செய்தால் தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அடைத்திருந்தது, அப்டேட் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்பி 1 சர்வர் சேர்ந்து வருவதில்லை. ஒரு பிளேயருக்காக அந்தக் கதவைத் திறக்காதீர்கள். டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் படம், பாட்டு அனுப்பும் முறை) வழியாகப் படங்களை அனுப்பலாம், இல்லையென்றால் டிரைவையே பிளேயரில் செருகிவிடலாம்.

கேள்வி: ரவுட்டரின் யூஎஸ்பியில் மாட்டினால் டிரைவ் டிக் டிக் என்று சத்தம் போட்டு அணைந்துவிடுகிறது. லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது.

பதில்: உடனே கழற்றுங்கள். பெரும்பாலும் மின்சாரம் போதாததுதான். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. சுழலும் தட்டு உள்ள டிரைவ் எழும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும். தனி அடாப்டருடன் வரும் யூஎஸ்பி ஹப்பை நடுவில் போட்டுப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால், மேற்கொண்டு சோதிக்காமல் முதலில் கோப்புகளை வேறு டிரைவுக்கு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: என்டிஎஃப்எஸ் டிரைவில் மேக்புக் எழுதாது என்றார்கள். எங்கள் வீட்டில் ஷேர் வழியாக எழுதுகிறதே?

பதில்: நேராகச் செருகினால்தான் எழுதாது. ஷேர் வழியாக வரும்போது டிரைவில் எழுதுவது உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான். டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய முறையில் இருந்தால், ஒரு கோப்புக்கான அதன் 4 ஜிபி வரம்பு மட்டும் அப்படி இல்லை. எந்த வழியாக வந்தாலும் அதைவிடப் பெரிய கோப்பை அந்த டிரைவ் ஏற்காது.

கேள்வி: கரண்ட் போனால் ஷேர் டிரைவுக்கு ஆபத்தா?

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் ஆபத்துதான். என்டிஎஃப்எஸ் குறிப்பு வைத்துக்கொண்டே எழுதும், அதனால் ஓரளவு மீளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த வசதி இல்லை. டெஸ்க்டாப் யூபிஎஸ்ஸில் ஓடி, டிரைவின் அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில் இருந்தால் அதையும் இன்றைக்கே யூபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள்.