உடம்பில் நீலத் திட்டுகள் இருந்தால் கொலைதானா?

ஊருக்கு ஒதுக்குப்புறமான வீட்டில் ஒருவர் இறந்து கிடந்தார். முதுகெல்லாம் நீலம், மூக்கில் ரத்தம், அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று பேசுகிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. இதயம் நின்றதும் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில் ஊதா நிறம் படரும். தோள்பட்டையும் பிட்டமும் தரையில் அழுந்திய இடங்கள் மட்டும் வெளிறியிருக்கும். அடிபட்ட காயம் இப்படி விழாது. அறுத்துப் பார்த்தால், காயத்தில் ரத்தம் திசுவுக்குள் கசிந்திருப்பது தெரியும். தேங்கிய ரத்தத்தின் நிறம் சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும். அப்புறம் குப்புறக் கிடக்கும் உடலில் முதுகு நீலமாக இருந்தால், யார் புரட்டியது என்று கேட்பது நியாயம். மூக்கில் செந்நீர் வருவது, நாலைந்து நாள் கழித்துக் கண்டெடுத்த உடலில் அழுகலாலேயே நடக்கும்.

விஷமா என்று தெரிய உள்ளுறுப்புப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். போலீஸ் அதுவரை வாய் திறக்காததை மூடிமறைப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வருத்தமெல்லாம், முதலில் கதவைத் தட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரையே சந்தேகிக்கிறார்களே என்பதுதான்.