கொழும்பில் வரி விடுமுறையைத் தேடி வரும் தம்பிக்கு

தம்பி, ஏற்றுமதி நிறுவனங்களுக்குத் தரும் வரிச் சலுகைகள் (சில வருடம் வரியே வாங்காமல் விடும் வரி விடுமுறை போன்றவை) உலக வர்த்தக அமைப்பின் சட்டத்துக்குப் பொருந்துமா என்று இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள். அதற்காகத் திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் கொழும்புக்கு வருகிறீர்கள். தமிழ் போதுமா, எங்கே தங்குவது, ஆவணங்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தஞ்சாவூர்க்காரி. இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது, என் ஆய்வும் கிட்டத்தட்ட இதே துறையில்தான்.

தங்க வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் பாருங்கள். வீட்டை ஒட்டித் தனி வாசலோடு வாடகைக்கு விடும் பகுதியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காலையில் இடியப்பமும் சொதியும் தெருமுனையிலேயே கிடைக்கும். கரையோர ரயிலைப் பிடித்தால் கோட்டை நிலையம். நிறுவனங்களுக்கு வரி விலக்குத் தரும் அரசு அமைப்பான முதலீட்டுச் சபை, உலக வர்த்தக மையம் என்ற கட்டடத்தில் இருக்கிறது, அது அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

கடைக்கும் வீட்டுக்கும் தமிழ் தாராளமாகப் போதும். அலுவலகங்களில் முதலில் சிங்களம்தான் வரும், உங்கள் விஷயத்தைப் பேச ஆங்கிலம் கைகொடுக்கும். ஆனால் நம் ஊர்த் தமிழை வைத்துக்கொண்டு ஆவணம் தேடாதீர்கள். அரசிதழ் இங்கே வர்த்தமானி, துறை என்பது திணைக்களம். வருமான வரித் துறைக்குப் பதில் உள்நாட்டு இறைவரித் திணைக்களம். சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று கேட்டால் விழிப்பார்கள், கட்டுநாயக்காவில் இருப்பது சுதந்திர வர்த்தக வலயம். சட்டங்கள் தமிழிலும் அச்சாகின்றன. சரியான சொல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆவணங்கள்தான் கஷ்டம். 1978இல் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுதான் 1992இல் முதலீட்டுச் சபை ஆனது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனித்தனியாக உடன்படிக்கை செய்து வரிச் சட்டங்களிலிருந்து விலக்குத் தர அதிகாரம் கொடுக்கிறது. அதனால் யாருக்கு எவ்வளவு விலக்கு என்பதைச் சட்டப் புத்தகத்தில் பார்க்க முடியாது, அது உடன்படிக்கைக் கோப்பில் இருக்கும். இது புரியாமல் நான் நான்கு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். "அடுத்த கிழமை வாங்கோ" (கிழமை என்றால் இங்கே வாரம்) என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கோப்பை மட்டும் கடைசி வரை பார்க்கவில்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இந்நாட்டுப் பிரஜைகளுக்குத்தான், உங்களால் விண்ணப்பிக்க முடியாது. இங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள்.

என் யோசனை, மூடிய கதவில் நேரத்தைக் கொட்டாமல் திறந்த கதவிலிருந்து தொடங்குங்கள். 2008இன் மூலோபாய அபிவிருத்தித் திட்டச் சட்டம் வந்தபோது 25 வருடம் வரை விலக்குத் தர இடம் கொடுத்தது. ஆனால் அதை வர்த்தமானியில் போட வேண்டும், பாராளுமன்றத்துக்கும் போக வேண்டும். அந்த வர்த்தமானிகளை வரிசையாகப் படித்தாலே ஓர் அத்தியாயம் கிடைக்கும். அப்புறம் 2017இன் உள்நாட்டு இறைவரிச் சட்டம், 2021இன் கொழும்புத் துறைமுக நகர ஆணைக்குழுச் சட்டம்.

படிக்கும்போது ஒரே கேள்வியை விடாமல் கேளுங்கள்: இந்தச் சலுகை ஏற்றுமதி செய்தால்தான் கிடைக்குமா? வர வேண்டிய வரியை அரசு வாங்காமல் விடுவதும் மானியமே என்கிறது உலக வர்த்தக அமைப்பின் மானிய உடன்படிக்கை. அதை ஏற்றுமதியோடு கட்டினால் 3ஆம் பிரிவின்படி தடை. அதன் ஏழாம் இணைப்பில் பெயர் உள்ள நாடுகளுக்கு, தலைக்கு வருமானம் 1990ஆம் ஆண்டின் டாலர் மதிப்பில் 1,000 டாலரைத் தொடர்ந்து மூன்று வருடம் தொடும் வரை அந்தத் தடை இல்லை. இந்தியா, இலங்கை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. இந்தியா அந்த எல்லையைத் தாண்டியபின், சலுகைகளை நிறுத்த எட்டு வருட அவகாசம் கேட்டது. 2019 அக்டோபரில் வந்த உலக வர்த்தக அமைப்பின் விசாரணைக் குழு அறிக்கை அதை மறுத்து, சிறப்புப் பொருளாதார மண்டலச் சலுகைகள் உட்படப் பலவும் விதிமீறல் என்றது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அந்த டிசம்பரிலேயே மேல்முறையீட்டு அமைப்பு போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிவிட்டது. இலங்கையின் கணக்கு எங்கே நிற்கிறது என்பதை உலக வர்த்தக அமைப்புச் செயலகத்தின் வருடாந்தரப் பட்டியலில் முதல் நாளே பாருங்கள், உங்கள் ஆய்வின் வாதமே அதைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று. 2022இன் பொருளாதாரச் சரிவில் எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். அரசின் வருமானம் என்பது அப்போதிலிருந்து எனக்கு வெறும் ஆய்வுப் பொருள் இல்லை. ஆனால் அந்தச் சரிவுக்கு வரி விடுமுறைகளே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாக்கியது எல்லாருக்குமான வரிக் குறைப்பு, வரி விடுமுறை வேறு. சலுகைகளால் அரசு எவ்வளவு வரியை இழக்கிறது என்று நிதி அமைச்சு வெளியிடும் வரிச் செலவின அறிக்கையை வைத்துப் பிரித்துக் காட்டுங்கள். இந்த ஊர் மக்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

விசாவுக்குப் பல்கலைக்கழக இணைப்புக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள், சுற்றுலா விசாவில் வந்து பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். மாதா மாதம் பௌர்ணமியன்று போயா விடுமுறை, அலுவலகம் எதுவும் திறக்காது. ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் கொழும்பே ஊருக்குப் போய்விடும், அதற்கு அடுத்த வாரம் வந்து சேருங்கள்.