எத்தனை முறை கழிப்பது?

வணக்கம் சார். புதுச்சேரியில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். கடலூர் துறைமுகத்து வஞ்சிரம் விலையை மாதவாரியாக எடுத்து புராஜெக்ட் செய்கிறேன். ஒவ்வொரு மாத விலையிலிருந்தும் முந்தைய மாத விலையைக் கழித்து ஒருமுறை வேறுபாடு எடுத்தும் வரைபடம் ஏறி இறங்குகிறது. இன்னொரு முறை எடுக்கலாமா? பிளஸ் டூவில் படித்த டெல்டாவும் இதுவும் ஒன்றுதானா? கணக்குப் போட ஆர் (R) மென்பொருள் நல்லதா, பைத்தானா?

அன்புள்ள தம்பி,

ஆரோ பைத்தானோ, கைக்கு வருவதை வைத்துச் செய். டெல்டா விஷயம்தான் சில நாளாக என் மனதிலும் ஓடுகிறது. இரண்டும் ஒன்றுதான். டெல்டா அடுத்த மதிப்பிலிருந்து இதைக் கழிக்கும். உன் மாத விலை மாதிரி கால வரிசையில் வரும் எண்களில், அதாவது காலத்தொடரில், அடுத்த மாதம் இன்னும் வரவில்லை, அதனால் பின்னோக்கிக் கழிக்கிறோம்.

கடலூரில் எங்களுக்கு எண்ணியல் முறைகள் எடுத்த வாத்தியார், கரும்பலகையில் ஒரு வரிசை எழுதி, "எது தப்பு?" என்பார். 1, 4, 9, 17, 25, 36, 49. வர்க்க எண்கள், 17 தப்பு என்று சொன்னால் விடமாட்டார். கழித்துக் காட்ட வேண்டும். முதல் வேறுபாடு 3, 5, 8, 8, 11, 13. இரண்டாவது 2, 3, 0, 3, 2. எல்லாமே 2 வந்திருக்க வேண்டும். 16-இல் கூடிப்போன அந்த ஒன்று +1, −2, +1 என்று மூன்று இடத்தில் பல்லைக் காட்டும். அச்சிட்ட கணித அட்டவணைகளில் பிழை பிடித்தது இப்படித்தான். ஆங்கிலேயக் கணிதர் சார்லஸ் பாபேஜ் 1822-இல் அறிவித்த இயந்திரம் இதையே தலைகீழாக, வேறுபாடுகளைக் கூட்டிக் கூட்டி அட்டவணை போடுவது.

கழித்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று உனக்கு யார் சொன்னது? விலை நாளடைவில் ஏறியோ இறங்கியோ செல்லும் போக்கு அடங்கும், சரி. தற்செயலான ஏற்ற இறக்கம் பெருகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏற்ற இறக்கமென்றால், ஒருமுறை கழித்ததும் பரவற்படி (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) இரண்டு மடங்கு, இன்னொரு முறை கழித்தால் ஆறு மடங்கு. 1, −2, 1 இவற்றின் வர்க்கங்களைக் கூட்டிப் பார். பலகையில் பிழையைக் காட்டிக்கொடுத்த அதே எண்கள்தான் உன் புராஜெக்டைக் கெடுக்கப்போகின்றன. 2015 நவம்பர் வெள்ளம் மாதிரி ஏதோ ஒரு மாதம் விலை எகிறியிருந்தால், இரண்டாம் வேறுபாட்டில் அது மூன்று மாதக் குழப்பமாகக் கிடக்கும். பட்டனைத் தட்டும் முன் பத்து மாத விலையையாவது தாளில் எழுதிக் கழித்துப் பார்த்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே விலையிலிருந்து மார்ச் விலையைக் கழித்தாலும் ஏப்ரல் விலையைக் கழித்தாலும் உனக்குக் கிடைப்பது இந்த மீன்பிடித் தடைக்காலத்தின் விளைவுதான். துறைமுகத்தில் மீன் விற்கும் எந்த அக்காவிடமும் கேள், "போன வருஷம் இதே சமயம்" என்றுதான் விலையை ஒப்பிட ஆரம்பிப்பார். நீயும் இந்த மேயிலிருந்து போன மேயைக் கழி. பன்னிரண்டு மாத வேறுபாடு. அப்புறமும் போக்கு மிச்சமிருந்தால் மட்டும் சாதாரண வேறுபாடு ஒருமுறை. கழித்து வந்த எண்களில் ஒரு மாதத்துக்கும் அதற்கு முந்தைய மாதத்துக்கும் உள்ள ஒட்டுறவு, அதாவது முதல் பின்னடைவின் தன்னொட்டுறவு, −0.5-ஐ நெருங்கினால் அதிகமாகக் கழித்துவிட்டாய் என்று சந்தேகப்படு, ஒரு படி திரும்பி வா. அந்தத் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.