நூலகர் பதில்கள்: ஐந்து நூலகம், ஒரே சாட் பெட்டி

சேலத்தில் ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாக ஒரு வாட்ஸ்அப் எண்ணை நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைப்பதற்குப் பதில், வாசகர் போனிலோ கணினியிலோ எழுதிக் கேட்பதற்கு நூலகர் அங்கேயே பதில் எழுதும் சாட் சேவையை நாலைந்து நூலகங்கள் சேர்ந்து ஒன்றாக நடத்தினால் என்ன என்று போன இதழில் ஒரு வாசகருக்கு எழுதியிருந்தேன். நாலு வரிதான். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம்.

எங்கள் கல்லூரி, பக்கத்தில் இன்னும் மூன்று கல்லூரிகள், ஒரு பொது நூலகம், ஆக ஐந்து பேரும் சேரத் தயாராக இருக்கிறோம். எந்த சாஃப்ட்வேர் வாங்குவது என்பதில்தான் நிற்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?
– கல்லூரி நூலகர், சேலம்

சார், சாஃப்ட்வேரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து யார் எப்போது உட்காருவது என்று எழுதுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 10 முதல் மாலை 6 வரை என்றால் வாரம் 40 மணி நேரம். தனியாக நடத்தினால் நாற்பதையும் நீங்களே பார்க்க வேண்டும், ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 8 மணி நேரம். எட்டு மணி கொடுத்து நாற்பது மணி வாங்கிக்கொள்கிறீர்கள், நிர்வாகத்திடம் பேசும்போது இந்தக் கணக்கைச் சொன்னால் போதும். ஆனால் பொது நூலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் அவரிடமும் எட்டு மணி கேட்காதீர்கள். அவர் இரண்டு மணி கொடுக்கட்டும், மீதியைப் பெரிய கல்லூரிகள் பகிர்ந்துகொள்ளட்டும். எல்லோருக்கும் சமபங்கு என்று பிடிவாதமாக ஆரம்பித்தால் சின்ன நூலகம்தான் முதலில் கழன்றுகொள்ளும்.

அடுத்தது, என் கணக்கில் இதுதான் முக்கியம், ஒவ்வொரு நூலகத்தைப் பற்றியும் ஒரு பக்கத் தகவல் தாள். உங்கள் மாணவி ஒருத்தி சாட்டில் வந்து "என் புக்கை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறாள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் சாட்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு கல்லூரிக்காரர். உங்கள் நூலகத்தில் எத்தனை நாள் தவணை, ஆன்லைனில் புதுப்பிக்க முடியுமா, அபராதம் எவ்வளவு, யாரிடம் பேச வேண்டும், இதெல்லாம் அவர் கண் முன்னால் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். இல்லாவிட்டால் "உங்கள் நூலகத்தையே கேட்டுக்கொள்ளுங்கள்" என்பார். அதைக் கேட்கத்தானே அந்தப் பிள்ளை சாட்டுக்கு வந்தாள்? விடுமுறை நாளும் அந்தத் தாளில் இருக்கட்டும், கல்லூரிக்கு ஒரு நாள், பொது நூலகத்துக்கு வேறு நாள். மாற்றம் வந்தால் அன்றே தாளையும் திருத்த வேண்டும். இந்த வேலைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, அதற்கான நேரத்தை அவருடைய வேலைநேரத்துக்குள்ளேயே ஒதுக்கிக் கொடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் இரண்டு மாதம் தாங்காது.

மூன்றாவது, கைமாற்றிவிடும் முறை. எல்லாக் கேள்விக்கும் சாட்டிலேயே பதில் கிடைக்காது. "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்வதில் தவறே இல்லை, ஆனால் யார் சொல்வார், எப்போது, எந்த வழியாக என்று எழுதி வைக்காவிட்டால் அந்தக் கேள்வி அதோடு போச்சு. கேட்டவருடைய சொந்த நூலகத்துக்கு அது போகட்டும், ஒரு வேலை நாளுக்குள் பதில் போகட்டும், பதில் போனதும் "முடிந்தது" என்று குறியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடியாமல் கிடப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் ஆன பிறகு சாஃப்ட்வேர். ஒத்திகை பார்க்க வாட்ஸ்அப் பிசினஸ் போதும், ஒரு போனோடு நான்கு கருவிகளை இணைக்கலாம், அடிக்கடி சொல்லும் பதில்களைச் சேமித்து வைக்கலாம், லேபிள் போடலாம். ஆனால் வந்த கேள்வியை யார் எடுத்தார் என்று குழப்பம் வரும், ஒரே ஆளுக்கு இரண்டு பேர் பதில் எழுதுவார்கள். ஒரு எச்சரிக்கை, வாட்ஸ்அப் குரூப் மட்டும் வேண்டவே வேண்டாம், கேட்பவருடைய போன் நம்பரை எல்லோரும் பார்ப்பார்கள். நூலகங்களுக்கென்றே செய்த லைப்ரரிஹெல்ப், லிப்ஆன்சர்ஸ் போன்றவற்றில் வரிசை, கைமாற்றம், பதிவு எல்லாம் உண்டு, ஆனால் சந்தா கட்ட வேண்டும். கல்லூரியில் சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் சாட்வுட் போன்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது நம் சர்வரிலேயே நாமே நிறுவிக்கொள்ளக்கூடியதை, போட்டுப் பாருங்கள்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை, நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். இரண்டு அலமாரிப் புத்தகம், மழை வந்தால் நெட் போய்விடும். நாங்கள் சேர்ந்தால் எங்களுக்கு லாபம், சரி. எங்களால் அவர்களுக்கு என்ன கிடைக்கும்?
– ஆசிரியை, ஏற்காடு

டீச்சர், உங்களால்தான் நிறையக் கிடைக்கும். இப்படி நினைத்துப் பாருங்கள். சாட்டில் ஒரு மாணவன் வருகிறான்.

"மலையாளி பற்றி புக் வேணும்."

கீழே ஊரில் உட்கார்ந்திருப்பவர் நல்ல நூலகர்தான், வேகமாகத் தேடிக் கேரள வரலாறு, ஓணம், மலையாள இலக்கியம் என்று ஐந்து தலைப்பு அனுப்பிவிடுவார். அந்தப் பையனும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவான், அவனுக்கு வேண்டியது கிடைத்திருக்காது. அதே கேள்வி உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்?

"நம்ம மலையில இருக்கிற மலையாளி மக்களைப் பத்தியா தம்பி, இல்ல கேரளாக்காரங்களைப் பத்தியா?"

"மலை மக்கள் மேடம். ப்ராஜெக்ட்."

ஒரே ஒரு வரி. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலையில் தமிழ் பேசி வாழும் பழங்குடி மக்களுக்கும் மலையாளி என்றுதான் பெயர், தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் அதே பெயரில்தான் இருக்கிறார்கள் என்பது இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூரத்து ஊர் நூலகருக்கு அது தோன்றாது. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நான்காவதில் இவர்களைப் பற்றிய பகுதி உண்டு, அதைக் கீழே இருக்கும் கல்லூரி நூலகர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அது ஒரு வெள்ளைக்கார அதிகாரி வெளியிலிருந்து பார்த்து எழுதியது, அதை அப்படியே காப்பி அடிக்காமல் மலைக் கிராமமான நாகலூர்ப் பக்கம் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பார் என்று சொல்ல நீங்கள்தான் வேண்டும்.

நெட் விஷயம். உங்கள் ஷிஃப்டைக் காலை நேரத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனியும் மழையும் இறங்கும் மாதங்களில் அதுதான் நல்லது. அதே நேரத்துக்குக் கீழே ஒருவர் மாற்று ஆளாக இருக்கட்டும். இணைப்பு போனால் போனில் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

சாட்டில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடிக்கிறார்கள். நாம் எப்படிப் பதில் எழுதுவது?
– நூலக உதவியாளர், ஆத்தூர்

தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், யூனிகோடில். அவர்களை மாற்றி அடிக்கச் சொல்ல வேண்டாம், அவசரத்தில் வந்திருப்பார்கள். புத்தகப் பெயரை மட்டும் அட்டையில் இருக்கிறபடி எழுதிக் காட்டி, இதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நூலக அறிவியல் படிக்கிறேன். இது வெளிநாட்டிலிருந்து வந்த யோசனைதானே? கூகுளும் ஏஐயும் இருக்கும்போது ஆள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டுமா?
– மாணவர், ஓமலூர்

சாட் பெட்டி அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2000ல் பல நூலகங்களைச் சேர்த்து இணையம் வழியாகக் கேள்விகளைப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தை ஆரம்பித்தது. பழைய பைசாந்தியப் பேரரசின் சமையல் பற்றி லண்டனிலிருந்து வந்த கேள்வி கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நூலகத்துக்குப் போய், சில மணி நேரத்தில் பதில் வந்தது. 2002ல் ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்போடு சேர்ந்து அது கொஸ்டின்பாயிண்ட் என்ற சேவையானது, 2019ல் மேலே சொன்ன லிப்ஆன்சர்ஸைச் செய்யும் ஸ்பிரிங்ஷேர் நிறுவனத்திடம் போனது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் 2006லிருந்து இப்படிச் சேர்ந்து நடத்துகின்றன.

ஆனால் அடிப்படை யோசனை நம் ஊர் ஆளுடையது தம்பி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. உடனே சொல்லக்கூடிய கேள்வி, நாள் கணக்கில் தேட வேண்டிய கேள்வி என்று ரெஃபரன்ஸ் வேலையை, அதாவது வாசகர் கேள்விக்குத் தேடிப் பதில் சொல்லும் வேலையை, அவர் இரண்டாகப் பிரித்திருக்கிறார். முதல் வகைக்குச் சாட், இரண்டாவது வகைக்கு மேலே சொன்ன கைமாற்றம். பாடத்தில் படித்திருப்பீர்கள், அதைத்தான் இங்கே செய்கிறோம்.

கூகுள், ஏஐ பற்றி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்து "சேலம் மேப் இருக்கா சார்?" என்றார். இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அப்புறம்தான் வாட்ச்மேன் சொன்னார், மலையில் இருக்கும் தன் நிலத்தின் எல்லை பற்றிய தகராறுக்காக வந்தாராம், அவருக்கு வேண்டியது கிராமத்துச் சர்வே வரைபடம். அது எங்களிடம் இல்லை, நில அளவைத் துறையில் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்ப எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த மனிதர். நான் "எதுக்குங்க ஐயா?" என்று கேட்கவே இல்லை. முதலில் வாயில் வரும் கேள்வி பெரும்பாலும் உண்மையான கேள்வியாக இருக்காது. கேட்டதற்கு மட்டும் பதில் கொடுப்பதை இயந்திரம் வேகமாகச் செய்துவிடும், அன்றைக்கு நான் செய்ததும் அதைத்தான். கேட்டவருடைய ஊரும் அவசரமும் தெரிந்து திருப்பிக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

மாத்திரை பற்றி, கோர்ட் கேஸ் பற்றி எல்லாம் கேட்டால்? பிள்ளைகள் ஹோம்வொர்க்கை அப்படியே ஒட்டினால்?
– கிளை நூலகர், மேட்டூர்

நம்பகமான நூலோ அரசுத் தளமோ எதுவென்று காட்டுங்கள், அதில் உள்ளதை வாசித்துச் சொல்லுங்கள், "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது டாக்டர், வக்கீல் வேலை. ஹோம்வொர்க்குக்கு விடை எழுதித் தராமல், எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள். ஐந்து நூலகமும் இதில் ஒரே மாதிரி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் யார் ஷிஃப்ட் என்று பார்த்து வருவார்கள்.

சாட் பதிவுகளை வைத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி நூலகர், சங்ககிரி

பதில் முடிந்ததும் பெயர், போன் நம்பர், மின்னஞ்சலை அழித்துவிட்டு, கேள்வியையும் பதிலையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தடவை ஐந்து பேரும் உட்கார்ந்து பத்துப் பதிவுகளைச் சேர்ந்து வாசியுங்கள். யார் தப்பு செய்தார் என்று தேடாமல், எந்த இடத்தில் திருப்பிக் கேட்டிருக்கலாம் என்று மட்டும் பாருங்கள். எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று சாட் பெட்டியிலேயே ஒரு வரி போடுங்கள். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது இல்லாவிட்டாலும் ஒருவர் என்ன தேடுகிறார் என்பதை நாம் வெளியே சொல்லக் கூடாது.

ஒரு நூலகத்தின் சாட்டில் கேட்டேன். "ஒரு நிமிடம்" என்றார்கள், பத்து நிமிடம் சத்தமே இல்லை, மூடிவிட்டேன். எங்கள் பூர்வீகம் தளி பக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பழைய வரலாறு தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை.
– ஓய்வுபெற்ற வாசகர், அஸ்தம்பட்டி

ஐயா, மன்னிக்க வேண்டும். அவர் அலமாரியில் தேடிக்கொண்டிருந்திருப்பார், ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை "இன்னும் தேடுகிறேன், இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி போட வேண்டும், சாட்டில் உட்காரும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்லித்தருவது இதுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிருஷ்ணகிரி என்ற பெயரில் தேடினால் பழைய நூல் கிடைக்காது, ஏனென்றால் அந்த மாவட்டமே 2004ல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது, தர்மபுரி 1965ல் சேலத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முன்னால் ஓசூர், தளி எல்லாம் சேலம் மாவட்டக் கணக்குதான். அதனால் சேலம் என்று தேடுங்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவர நூல்கள் இரண்டு உண்டு. லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்ட மேனுவல், 1883, இரண்டு தொகுதி. அடுத்து ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர், 1918. இரண்டும் ஆங்கிலம். இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய மாவட்ட நூல்கள் பல ஸ்கேன் செய்து கிடக்கின்றன, அங்கே முதலில் பாருங்கள். ஓசூர் என்பதை அந்தக் காலத்தில் பல விதமாக எழுதியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில் முன்னால் H போட்டும் போடாமலும் தேட வேண்டும். தளி பாளையக்காரர்களைப் பற்றித்தான் தேடுகிறீர்களா, இல்லை உங்கள் குடும்பத்து நிலம் பற்றியா? ஒரு வரி எழுதிப் போடுங்கள், அதற்கேற்ற மாதிரி அடுத்த இதழில் சொல்கிறேன்.