குடியிருப்பு எஸ்டேட் கைமாறிய பிறகு வாடகை வீட்டை வாங்கலாமா?

கேள்வி: என் அம்மா வடமேற்கு லண்டனில் 14 வருடமாக ஒரே ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறார். முதலில் அது கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) வீடு. 5 வருடத்துக்கு முன் அந்தக் குடியிருப்பு எஸ்டேட் முழுவதையும் ஒரு ஹவுசிங் அசோசியேஷனிடம் (லாப நோக்கமில்லாமல் வீடுகளை வாடகைக்கு விடும் அமைப்பு) கொடுத்துவிட்டார்கள். இனி அந்த வீட்டை வாங்க முடியுமா? அம்மாவிடம் சேமிப்பு இல்லை, நான்தான் பணம் போட வேண்டும்.

பதில்: முடியும். ஆனால் வாங்குவது லாபமா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டிய காலம் இது.

இங்கிலாந்தில் கவுன்சில் குடியிருப்பாளர்களுக்கு வீட்டை வாங்கும் உரிமையை 1980ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது. கவுன்சில் வீடுகள் அசோசியேஷன்களுக்குக் கைமாறும்போது, அந்த நாளில் அங்கே கவுன்சிலின் நிரந்தர வாடகைதாரராக இருந்தவர்களுக்கு அந்த உரிமை கூடவே போகும். உங்கள் அம்மாவுக்கு அது அப்படியே இருக்கிறது. கைமாறிய பிறகு புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டாருக்கு இருக்காது. அதே அசோசியேஷனின் வேறு வீட்டுக்கு அம்மா மாறினாலும் உரிமை தொடரும். வேறொரு அசோசியேஷனின் வீட்டுக்கு மாறினால் போய்விடும். வீட்டு மாற்றத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, இந்த உரிமையில் வாங்கும்போது வீட்டு விலையில் கிடைக்கும் தள்ளுபடி எவ்வளவு? ஃபிளாட்டுக்கு, வாடகைக்கு இருந்த முதல் 5 வருடத்துக்கு 50 சதவீதம், அதன்பின் வருடத்துக்கு 2. அம்மாவுக்கு 68 சதவீதம் வரும். வீட்டு மதிப்பு 3,00,000 பவுண்டு என்றால் 2,04,000 தள்ளுபடி என்று மனம் கணக்குப் போடும். கிடைக்காது. 2024 நவம்பர் 21 முதல் லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் உச்சவரம்பு 16,000 பவுண்டுதான். அதற்கு முன்பு 1,36,400 வரை கிடைத்தது. இப்போது நீங்கள் கொடுக்க வேண்டியது 2,84,000.

10 வருடம் இருந்தால்தான் வாங்கலாம், தள்ளுபடி 5 முதல் 15 சதவீதம் என்று 2025 ஜூலையில் அரசு அறிவித்ததைக் கேட்டுப் பலர் பதறுகிறார்கள். அம்மா 10 வருடத்தைத் தாண்டிவிட்டார். புதிய கணக்கில் அவருக்கு 9 சதவீதம், அதாவது 27,000 வரும். அதையும் அதே 16,000தான் கட்டுப்படுத்தும். எனவே அவசரப்பட அவருக்குக் காரணமே இல்லை.

என் உண்மையான கவலை சர்வீஸ் சார்ஜ். ஃபிளாட் வாங்கினால் நீங்கள் லீஸ்ஹோல்டர்: நீண்ட குத்தகையில் ஃபிளாட் உங்களுடையது, கட்டடம் அசோசியேஷனுடையது. கூரை, லிஃப்ட், வெளிச்சுவர் வேலை எதுவானாலும் உங்கள் பங்குக்குப் பில் வரும், சில நேரம் ஆயிரக்கணக்கில். விண்ணப்பித்த பிறகு வரும் விலைக் கடிதத்தில் முதல் 5 வருடத்துக்கான மதிப்பீடு இருக்க வேண்டும். விலையைப் பார்க்கும் முன் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அந்த 5 வருடத்தில் பழுதுவேலைக்கு, விலைவாசி உயர்வைத் தவிர, அந்த மதிப்பீட்டுக்கு மேல் பணம் கேட்க முடியாது. ஆறாம் வருடத்திலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்புறம், உங்கள் பணம். கடந்த 12 மாதமாக அம்மாவோடு அங்கேயே குடியிருந்தால் நீங்களும் விண்ணப்பத்தில் சேரலாம். வேறு வீட்டில் இருந்தால் அநேகமாக அம்மா பெயரில்தான் பத்திரம். பணம் அன்பளிப்பா கடனா என்பதை சொலிசிட்டர் (வழக்கறிஞர்) மூலம் எழுதிவையுங்கள். அண்ணன் தம்பிகள் இருந்தால் இது இன்னும் முக்கியம். 5 வருடத்துக்குள் விற்றால் தள்ளுபடியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும்: முதல் வருடம் முழுவதும், பிறகு வருடத்துக்கு 20 சதவீதம் குறையும்.

அம்மாவின் வாடகையை இப்போது அரசு உதவி கட்டுகிறதா? அப்படியானால் வாங்க வேண்டாம் என்பேன். அந்த உதவி மோர்ட்கேஜை (வீட்டுக்கடனை) கட்டாது, பழுதுவேலைச் செலவும் வீட்டுக்காரரிடமிருந்து உங்கள் தலைக்கு வந்துவிடும். உதவி இல்லை, உங்கள் வருமானம் நிலையானது என்றால் விண்ணப்பித்துப் பாருங்கள். விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் இல்லை. விலைக் கடிதம் வந்தபின் முடிவெடுக்க 12 வாரம் உண்டு, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்.