டிராகன் பழக் கொடியில் ஆண், பெண் இல்லை

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மதிலோரம் நட்ட டிராகன் பழக் கொடி இப்போது மதிலைத் தாண்டி வேம்பிலும் ஏறிவிட்டது. ஆனி மாதத்திலிருந்து இரவில் பெரிய வெள்ளைப் பூக்கள் விரிகின்றன, ஆனால் ஒரு கிழமைக்குள் பூ அடியோடு மஞ்சளாகி விழுந்துவிடுகிறது. இன்றுவரை ஒரு காயும் இல்லை. கன்று விற்றவரோ, "உங்களிடம் நிற்பது ஆண் கொடி, மூவாயிரம் ரூபாவுக்குப் பெண் கொடி தருகிறேன்" என்றாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம், அம்மா. இந்தக் கள்ளியில் ஆண் கொடி, பெண் கொடி என்ற பிரிவே கிடையாது. உங்கள் பூ ஒவ்வொன்றிலும் இரண்டு உறுப்புகளும் இருக்கின்றன. உள்ளே வட்டமாக அடர்ந்து நிற்கும் மஞ்சள் இழைகள் மகரந்தத்தைத் தருகின்றன. அவற்றின் நடுவிலிருந்து நீண்டு, நுனியில் பல விரல்களாகப் பிரிந்து நிற்பதைத்தான் பாடசாலையில் 'குறி' என்று படித்தோம். மகரந்தம் குறியில் பட்டால்தான் காய் பிடிக்கும். தண்ணீரையும் உரத்தையும் இதற்குக் குறை சொல்ல வேண்டாம், இத்தனை பூப் பூக்கும் கொடி நலமாகத்தான் இருக்கிறது.

சிவப்புச் சதையுள்ள கொடிகளில் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை, வேறொரு இனத்தின் மகரந்தம் வந்தாக வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இக்கொடியின் துண்டை ஒடித்து எங்கே வைத்தாலும் வேர்விடும். மத்திய அமெரிக்காவில் பிறந்த இது வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் தானாகவே பரவி நிற்பதற்கும், ஹொனலுலுவின் புனஹோ பாடசாலையில் ஒரு நீண்ட கற்சுவரையே மூடிக் கிடப்பதற்கும் அந்த இயல்பே காரணம். ஆனால் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய பத்துத் துண்டுகளைப் பத்து வளவுகளில் நட்டாலும், மகரந்தச் சேர்க்கையைப் பொறுத்தவரை அவை பத்தும் ஒரே கொடிதான். விற்றவர் 'பெண் கொடி' என்று தரப்போவதும் அதே தாயின் இன்னொரு துண்டாக இருந்துவிட்டால், மூவாயிரம் ரூபாவும் இன்னும் ஓரிரு ஆண்டுகளும் வீணாகும். இன்னது என்று இனப்பெயர் எழுதிக் கட்டாத கன்றை எவரிடமும் வாங்காதீர்கள். பூ உதிராமலிருக்க என்று போத்தலில் விற்கும் மருந்தையும் வாங்காதீர்கள். கன்று வழங்கும் திட்டங்களிலும் எத்தனை கன்று கொடுத்தோம் என்ற கணக்கு இருக்கிறதே தவிர, எந்த இனத்தோடு எந்த இனத்தை நட வேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க ஆளில்லை என்பதைப் பலமுறை கண்டு மனம் சலித்துவிட்டேன்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கொடி அதுவாகவும் இருக்கலாம். வெள்ளைச் சதையுள்ள கொடி பொதுவாகத் தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் குறி மகரந்த இழைகளுக்கு மேலே எட்டி நிற்கும் பூக்களில், இரண்டும் ஒன்றையொன்று தொடாமலே இரவு கழிந்துவிடுகிறது. தாயகத்தில் அந்த வேலையை அந்துப்பூச்சிகளும் வௌவால்களும் செய்கின்றன. இங்கே விடியற்காலையில் தேனீக்கள் வந்தாலும், அவை இழைகளில் மகரந்தத்தை வாரிக்கொண்டு, மேலே நிற்கும் குறியைத் தொடாமலே போய்விடுவதுண்டு. அத்தகைய கொடிக்கு இரண்டாவது கொடி தேவையில்லை, உங்கள் கை போதும். காய்க்காத கொடியின் சதை என்ன நிறமென்று வெளியிலிருந்து சொல்வது கடினம் என்பதால், முதலில் இதையே சோதித்துப் பாருங்கள்.

மொட்டு நன்கு பருத்து நுனி வெளுத்த நாளில், இரவு எட்டு, ஒன்பது மணிக்குமேல் கைவிளக்கோடு போங்கள். உலர்ந்த மென்மையான தூரிகையால் மகரந்தத்தை ஒரு சிறு கிண்ணத்தில் தட்டியெடுத்து, குறியின் விரல்கள் எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசுங்கள். காலையில் பூ வாடிவிடும், ஆகவே விடிந்தபின் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மழை வருமென்று தோன்றினால் பூசிய பூவின் மேல் ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கவிழ்த்துவிடுங்கள், நனைந்த மகரந்தம் பயன்படாது. ஒரு கிழமை கழித்து இதழ்கள் வாடித் தொங்க, அடிப்பகுதி பச்சையாகவே நின்று பருக்கத் தொடங்கினால் காய் பிடித்துவிட்டது. ஏறக்குறைய 30 நாளில் பழமாகும்.

மூன்று நான்கு பூக்களில் இப்படிச் செய்தும் எல்லாம் மஞ்சளாகி விழுந்தால், உங்கள் கொடி அயல் மகரந்தம் கேட்கிறது என்று கொள்ளலாம். அப்போதும் கன்று வாங்க ஓட வேண்டாம். உங்கள் வியாபாரியிடம் வாங்காத, நன்றாகக் காய்க்கும் கொடி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரேயொரு பூவின் மகரந்தத்தைக் கேளுங்கள். அவர் வீட்டில் வெள்ளைச் சதைப் பழமானால் மிக நல்லது. இரு வீட்டிலும் ஒரே இரவில் பூக்காவிட்டால், ஈரம் படாமல் மூடிய சிறு போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளுக்குள் பூசலாம். அந்த மகரந்தத்தில் காய் பிடித்தால், அதே கொடியில் ஒரு முழ நீளத் துண்டைக் கேட்டு வாங்கி, வெட்டுவாய் காய நாலைந்து நாள் நிழலில் வைத்துவிட்டு, மதிலின் மறுகரையில் நடுங்கள்.