26 லட்சம் படகா, 29 லட்சம் படகா?

கேள்வி: புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்குள் அழைத்துப்போகும் தொழில் செய்கிறேன். 12 பேர் அமரும் கேட்டமரான் (இரட்டை அடிப்பகுதி கொண்ட) ஃபைபர் படகுக்கு, படகு கட்டும் யார்டுகள் இரண்டில் கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். நீளம், அகலம், இருக்கை எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் படகு 26 லட்சம். இரண்டு 90 ஹெச்.பி. அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும்) பெட்ரோல் என்ஜின். அடுத்தது 29 லட்சம். இரண்டு 60 ஹெச்.பி. வரி தனி. வருஷத்துக்கு 600 மணி நேரம் ஓட்டுவேன். விலையும் குறைவு, பவரும் அதிகம் என்பதால் முதல் படகுக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அனுப்பிய கொட்டேஷன்களில் ஹெச்.எஸ்.என். எண்ணை, அதாவது எவ்வளவு வரி என்பதைத் தீர்மானிக்கும் பொருள் வகை எண்ணைக் கவனித்தீர்களா? முதல் யார்டு 8903 என்று போட்டிருக்கிறது. அது உல்லாசப் படகுகளுக்கான எண்; 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40%. இரண்டாவது யார்டு போட்டிருப்பது 8901, அதாவது பயணிகளை ஏற்றிச்செல்லும் படகு, வரி 5%. ஆக, கையைவிட்டுப் போகும் பணம் முதல் படகுக்கு 36.40 லட்சம், இரண்டாவதுக்கு 30.45 லட்சம்!

முதல் யார்டிடம் ஏன் 8903 என்று கேளுங்கள். பயணிகள் படகாகவே வடிவமைத்தது என்றால் எண்ணை மாற்றித் தரட்டும். ஆனால் வரிக்காகப் பெயரை மட்டும் மாற்றினால் பின்னால் நோட்டீஸ் வரும். கட்டும் வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். படகுகளுக்குப் பொதுவாக அது கிடையாது. பயணிகள் போக்குவரத்துக்குப் பயன்படும் படகென்றால் கிடைக்கும்.

சரி, எண்ணை மாற்றித் தந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதல் படகு 27.30 லட்சம். 3.15 லட்சம் மிச்சம் என்று தோன்றும். அதை பெட்ரோல் தின்றுவிடும். முழு வேகத்தில் 10 ஹெச்.பி.க்கு மணிக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்பது தோராயக் கணக்கு: 120 ஹெச்.பி.க்கு 48 லிட்டர், 180க்கு 72. யாரும் எப்போதும் முழு வேகத்தில் ஓட்டுவதில்லைதான். ஆனாலும் சாதாரண ஓட்டத்தில் மணிக்கு 6 லிட்டர் கூடினாலே 600 மணி நேரத்துக்கு 3,600 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 3.6 லட்சம், அதுவும் ஒரே வருஷத்தில். டால்பின் காட்டப் போகிறவருக்கு அந்த வேகம் எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

சர்வீஸ் செலவு இரண்டிலும் அதிகம் மாறாது. 100 மணிக்கு ஒரு சர்வீஸ் என்றால் வருஷத்துக்கு 6. என்ஜின் இரண்டு என்பதால் 12.

வருமானக் கணக்கை இருக்கையை வைத்துப் போடாதீர்கள். படகைச் சோதித்துத் தரும் சர்வே சான்றிதழில் எத்தனை பேருக்கு அனுமதியோ அத்தனை டிக்கெட்தான். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பயணிகளுக்கான பொறுப்புக் காப்பீட்டு பிரீமியத்தையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு 60 ஹெச்.பி. படகுக்கு, ஒரு நிபந்தனையோடு: 12 பேர் எடையை ஏற்றி, அலை இருக்கும் நாளில் ட்ரையல் ஓட்டிக் காட்ட வேண்டும். சுமையோடு திணறினால் சின்ன என்ஜினும் பெட்ரோலைக் குடிக்கும். ட்ரையலில் மணிக்கு எத்தனை லிட்டர் ஆனது என்று குறித்துக்கொண்டு அப்புறம் அட்வான்ஸைப் பேசுங்கள்.